முதல் சாண் மண்

எம்.ஏ. தமிழ் படித்தபோது பட்டினப்பாலை நடத்திய ஆசிரியர் கரிகாலனைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் ஒரு அங்குலம் நிமிர்ந்து நிற்பார். காட்டை வெட்டி ஊராக்கியதும் குளங்கள் தோண்டியதும் அந்த மன்னனின் பெருமைகளாகப் பாட்டில் வருகின்றன. 'எந்தக் கையால் வெட்டினான் ஐயா?' என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் மதிப்பெண் என்னவாகியிருக்கும் என்பது வேறு கதை. அன்றைக்குச் சாயங்காலம் பம்மலுக்கு வந்து ஆயாவிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே ஆயா சொன்னது: "ராஜாவா வெட்டுவான்? கோடாலி புடிச்ச கையின்னா காப்பு காச்சிருக்கும் நைனா. ராஜா கையில காப்புல்ல போட்டிருப்பான்."

அந்தக் காப்புக் காய்ச்ச கையைப் பற்றியும், அது வெட்டித் திறந்த மண்ணைப் பற்றியும் எழுத வேண்டும் என்று அப்போதிருந்தே மனசில் கிடக்கிறது. பஞ்சமி நிலத்தின் வரலாற்றை நாம் அரசாணைகளின் வரலாறாக எழுதியிருக்கிறோம். பட்டாக்களின், பறிப்பின், வழக்குகளின், துப்பாக்கிச் சூட்டின் வரலாறாக எழுதியிருக்கிறோம். மண்ணின் வரலாறாக எழுதியதில்லை. எந்த மண் யாருக்குப் போனது, எந்த மண் நம் கைக்கு வந்தது என்று கேட்டுப் பார்த்தால் சாதி நிலத்துக்குள் எத்தனை அடி ஆழம் இறங்கியிருக்கிறது என்பது தெரிகிறது.

செங்கல்பட்டுச் சீமையில் காடு வெட்டிய கதை இலக்கியத்தோடு நின்றுவிடவில்லை. அது சொத்துப் பத்திரமாக மாறியது. ஆதொண்டச் சக்கரவர்த்தி குறும்பரை வென்றான், தொண்டை மண்டலத்துக் காட்டை அழித்தான், வேளாளரைக் கொண்டுவந்து குடியேற்றிக் காணி கொடுத்தான் என்று ஒரு கதை உண்டு. 1763ல் இந்தச் சீமை ஆற்காட்டு நவாபிடமிருந்து ஜாகீராகக் கம்பெனி கைக்கு வந்தது. நிலம் யாருடையது என்று வெள்ளைக்காரன் விசாரிக்கத் தொடங்கியபோது காணியாட்சிக்காரர்களான மிராசுதாரர்களின் தரப்பில் இந்தக் கதைக்குப் பெரிய இடம் இருந்தது. மிராசு உரிமை பற்றி எல்லிஸ் துரை எழுதி 1818ல் அச்சான விளக்கத்திலும் அது ஏறிவிட்டது. காட்டைத் திருத்தியவனின் வம்சத்துக்கே மண் சொந்தம் என்பது வாதம்.

நல்ல வாதம்தான். நமக்கும் சம்மதம்தான்! அப்படியானால் கோடாலி பிடித்தவன் யார் என்று கேட்டிருக்க வேண்டாமா? அதே காணியாட்சிக்காரர்கள் படியாட்களைக் காணியோடு சேர்த்து அடமானம் வைத்தார்கள், விற்றார்கள் என்பது 1819ல் சென்னை வருவாய் வாரியம் அடிமை முறை பற்றித் திரட்டிய அறிக்கைகளில் வருகிறது. 1843ன் ஐந்தாம் சட்டம் வந்து அடிமை முறையைச் சட்டத்தின் கண்ணிலிருந்து எடுக்கும்வரை ஆளும் ஆண்டையின் சொத்து, ஆள் வெட்டிய காடும் ஆண்டையின் சொத்து. உழைப்பையே சொத்தாக வைத்திருந்தவன் அந்த உழைப்பின் வரலாற்றையும் தன் பேரில் பதிந்துகொண்டான்.

சரி, எந்தக் காடு அது? காடு என்றால் சினிமாவில் வரும் மலைக்காடுதான் நம் பிள்ளைகளுக்கு ஞாபகம் வரும். இந்தக் கடற்கரைச் சமவெளியில் இருந்தது வேறு ரகம். வறண்ட பசுமைமாறாக் காடு என்று தாவரவியல்காரர்கள் சொல்வார்கள். ரொம்ப உயரம் போகாது. வீரை, பாலை, காசா, நாவல், களா, காரை, சூரை என்று நெருக்கியடித்து நிற்கும். தோல் மாதிரி தடித்த சின்ன இலை. எட்டு மாசம் காய்ந்தாலும் பச்சை போகாது. இதன் மிச்சசொச்சங்கள் கோயில் காடுகளாகவும், வண்டலூர், நன்மங்கலம் போன்ற காப்புக்காடுகளில் புதர்களாகவும் இன்றைக்கும் நிற்கின்றன. பம்மல், பல்லாவரம், திருநீர்மலைக் குன்றுகளைச் சுற்றியும் அந்தப் புதர்தான் கிடந்தது என்று ஆயா சொல்லும். இப்போது அங்கே வெட்டிய கல்குழிகளும் வீடுகளும். 2021ல் தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்ட பம்மலில் இனி 'காடு' என்றால் யாருக்கும் புரியாது.

இந்தக் குன்றுகளின் பாறை சார்னோகைட். அது சிதைந்து, இரும்பு துருப்பிடித்த நிறத்தில் செம்மண்ணாகிறது. அதற்கடியில் செம்பரல், அதாவது நம் ஜனங்கள் மொரம்பு என்று சொல்வது. (1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடாரியைக் கண்டெடுத்தது இந்த மாதிரிச் செம்பரல் தோண்டிய ஒரு குழியில்தான். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சியே அங்கிருந்து தொடங்குகிறது. இந்த மண்ணில் முதல் கோடாலிக்குச் சாதி இருந்திருக்காது.) செம்மண் தன்னளவில் ஏழை மண். மணிச்சத்து இருந்தாலும் இரும்பு அதைப் பிடித்து வைத்துக்கொண்டு செடிக்குத் தராது. தண்ணீரைத் தேக்கி வைக்கவும் அதற்குச் சக்தி போதாது. அந்த ஏழை மண்ணின் மேல் காடு பல நூறு வருஷமாக இலையுதிர்த்து, மக்க வைத்து, கறையானும் மண்புழுவும் கிளறிக் கலந்து, ஒரு சாண் ஆழத்துக்குக் கறுத்த மண்ணைக் கட்டி வைத்திருந்தது. சத்து முழுக்க அந்த மேல் சாணில்தான். கீழே போனால் மொரம்பு.

ஆயாவின் மாமனார் சேரிக்கு மேற்கே, திருநீர்மலை போகிற பக்கம் மேட்டில் ஒரு துண்டுப் புதர்க்காட்டை வெட்டிக் கொல்லையாக்கினார். நாற்பதுகளின் கடைசி என்று கணக்குப் போடுகிறேன். ஆயாவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. வெட்டிப் போட்டு, காயவிட்டு, கொளுத்தி, வேர் பிடுங்கினார்கள். "மொத வருசம் கேவுரு போட்டோம். கருது ஒண்ணொண்ணும் கொழந்த கையி மாதிரி மடங்கி நிக்கும். ரெண்டாம் வருசமும் கொற இல்ல. மூணாவது வருசம் கம்பு, கொள்ளுன்னு போட்டோம். அப்பால மண்ணு வெளுத்துப் போச்சு. மழ பேஞ்சா மேல அப்பளம் மாதிரி பொருக்கு கட்டிக்கும். முளைக்கிற வெத அதை முட்டிக்கினு வெளிய வரமுடியாம உள்ளயே செத்துப்போவும்." ஏழெட்டு வருஷத்தில் அதில் கடலைகூடச் சரியாக விளையவில்லை.

ஆயா சொன்னது ஒவ்வொன்றுக்கும் மண்ணியலில் விளக்கம் இருக்கிறது. முதல் வருஷ விளைச்சல் மண் தந்ததில்லை, சாம்பல் தந்தது. எரித்த மரத்திலிருந்த சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் ஒரேயடியாக மண்ணில் இறங்கும். கூடவே ஏர் கிளறிய மக்கும் வேகமாகச் சிதைந்து தழைச்சத்தை அவிழ்த்து விடும். பார்ப்பதற்கு வளம் மாதிரி இருக்கும். உண்மையில் அது முதலை எடுத்துத் தின்பது. நிழல் போய் வெயில் நேராக விழ, மண் சூடேறி, நுண்ணுயிர்கள் மக்கை எரித்துக் காற்றில் விடுகின்றன. மேலே புதிதாக இலை விழுவதில்லை, வேர் சாவதில்லை. வரவு நின்று செலவு மட்டும் நடக்கிறது. மக்குதான் மண் துகள்களைக் குருணை குருணையாகச் சேர்த்துப் பிடித்திருந்த பசை. அது போனதும் மழைத்துளி அடித்து மண்ணைப் பொடியாக்கி அடைத்துவிடுகிறது. அதுதான் ஆயா சொன்ன அப்பளம். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடுகிறது. போகும்போது மிச்ச மண்ணையும் கூட்டிக்கொண்டு போகிறது. நமக்கு மழையில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ப்பது. உழுது வெறுமையாய்க் கிடக்கும் மேட்டு நிலத்துக்கு அதைப்போல எமன் இல்லை.

இது ஏதோ பம்மல் மேட்டுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ஹான்ஸ் ஜென்னியும் ராய்சௌத்ரியும் இந்தியா முழுக்க மண் எடுத்துப் பார்த்து 1960ல் வெளியிட்ட ஆய்வில், உழுத மண்ணில் தழைச்சத்தும் மக்கும் பக்கத்திலுள்ள உழாத மண்ணைவிட மிகக் குறைவாக இருப்பதைக் காட்டினார்கள். 2002ல் குவோ, கிஃபோர்டு என்ற இருவர் உலகின் பல பகுதிகளில் நடந்த 74 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இயற்கைக் காட்டைப் பயிர் நிலமாக்கினால் மண்ணிலுள்ள கரிமத்தில் சராசரியாக 42 விழுக்காடு போய்விடுகிறது என்பது அவர்கள் கண்ட கணக்கு. நூற்றுக்கு நாற்பத்திரண்டு.

இங்கே நான் ஒரு கேள்வியில் நின்றுவிட்டேன். கரிமம் காற்றில் போகும். சரி. அடித்துப் போன மண்? அது எங்கே போய்ச் சேர்ந்தது?

ஏரிக்குப் போனது. செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். மேட்டிலிருந்து வழிகிற தண்ணீர் எல்லாம் ஏதாவதொரு ஏரியில்தான் விழும். காட்டின் மக்கும் நயமான களித்துகளும் மிதந்துபோய் ஏரியில் வண்டலாகப் படிந்தது. கனமான பரலும் மணலும் மேட்டிலேயே தங்கியது. கோடையில் ஏரி வற்றும்போது வண்டலை வெட்டி எடுத்து வயலுக்கு அடிப்பார்கள். யார் வயலுக்கு? ஏரிக்குக் கீழே, மதகுத் தண்ணீர் பாயும் நஞ்சைக்கு. அது ஊராரின் நஞ்சை. வெட்டியது யார், கூடையில் சுமந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. "ஏரி மண்ணு நல்லா வெண்ண மாதிரி இருக்கும். தலையில வச்சா கழுத்து உள்ள போயிடும்" என்று ஆயா சொல்லும். தன் மாமனார் கொல்லையிலிருந்து போன மண்ணைத்தான் திரும்பச் சுமந்து ஆண்டை கழனியில் கொட்டினோம் என்று ஆயாவுக்குத் தோன்றியதுண்டா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "கூடைக்கி எத்தினி அணான்னுதான் நெனப்பு" என்றது.

ஆக, காடு வெட்டியதும் நாம், வண்டல் சுமந்ததும் நாம். முதல் சாண் மண் மட்டும் மேட்டிலிருந்து ஏரி வழியாக ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நஞ்சை ஊருக்கு, மொரம்பு சேரிக்கு என்ற இந்த ஏற்பாட்டைப் 'புவியியல்' என்று பாடப்புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பின்னணியில்தான் திரமென்ஹீரைப் படிக்க வேண்டும். செங்கல்பட்டின் தற்காலிகக் கலெக்டராயிருந்த அவர் 1891ல் இந்த மாவட்டத்துப் பறையர்கள் பற்றி எழுதிய குறிப்பு நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அதில் தரிசு பற்றி அவர் சொல்வதைத் திரும்பப் பாருங்கள். சேரிக்காரன் ஒருவன் தரிசு நிலம் வேண்டுமென்று தர்க்காஸ்து கொடுத்தால், அந்தத் தரிசின் மேல் தனக்கே முதல் உரிமை என்று மிராசுதார் குறுக்கே வந்து நிற்பான். பல தலைமுறையாகத் தொடாத நிலமாக இருக்கும். நம் ஆள் கேட்டதும் அதற்கு மவுசு வந்துவிடும். தனக்கென்று ஒரு துண்டு நிலம் இருந்தால் படியாள் படியாளாக இருக்கமாட்டான் என்பது அவனுக்குத் தெரியும். இந்த முட்டுக்கட்டையை உடைக்கத்தான் 1892 செப்டம்பர் 30ல் 1010ஆம் எண் அரசாணை வந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அதன் பிறகும் பஞ்சமர் அல்லாதவருக்குக் கைமாற்றக்கூடாது என்ற நிபந்தனைகளோடு நிலம் ஒப்படைக்கப்பட்டது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன.

திரமென்ஹீருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒப்படைக்கப்பட்டது 'தரிசு' என்பதை மறந்துவிடக்கூடாது. நஞ்சையில் ஒரு சாண்கூட யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. நமக்கு வந்தது மேடும் கரடும். வெட்டி எரித்து மூணு வருஷம் சிரிக்கும், பிறகு வெளுத்துப்போகும் மண். அந்த மண்ணை உயிரோடு வைத்திருக்க இரண்டே வழிதான் அன்றைக்கு. ஒன்று தழை, இன்னொன்று சாணி. அந்த ஆணைக்குப் பத்து வருஷம் முன்பே, 1882ல், சென்னை வனச்சட்டம் வந்து காப்புக்காடுகளின் வாசலைச் சாத்தியிருந்தது. தழை அறுக்க, மாடு மேய்க்க, விறகு பொறுக்க அனுமதிச் சீட்டு வேண்டும், இல்லாவிட்டால் வனக்காவலனுக்குப் படியளக்க வேண்டும். விறகு கிடைக்காததால் இந்தியக் குடியானவன் எருவாக வேண்டிய சாணியை அடுப்பில் வைக்கிறான், அதனால் மண் கெடுகிறது என்று வோல்க்கர் என்ற வேளாண் வேதியியல்காரர் 1893 அறிக்கையில் எழுதினார். ஊர்கள் பக்கத்திலேயே விறகுக்கும் தீவனத்துக்கும் காடு வளர்க்கச் சொன்னார். அவர் பார்த்தது மாடுள்ள குடியானவனை. சேரியில் மாடு யாரிடம் இருந்தது? வார மாடு வளர்த்தாலும் சாணி ஆண்டையின் குப்பைக்குழிக்குத்தான் போகும். இன்றைக்கும் இயற்கை விவசாயக் கூட்டங்களில் தொழு எரு போடுங்கள் என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. தொழுவம் யாருக்கு இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

காட்டையும் பிடுங்கி, எருவையும் பிடுங்கி, மேட்டைக் கொடுத்து, 'இவனுங்களுக்கு வெள்ளாமை பண்ணத் தெரியாது, நெலத்தக் குடுத்தா தரிசு போட்டுட்டுக் குடிக்கப் போயிடுவானுங்க' என்று ஊர் பேசியது. ஐம்பது ரூபாய்க்கும் ஒரு மூட்டை நெல்லுக்கும் நிலம் கைமாறிய கதைகளை விசாரித்தால், மண் வெளுத்த வருஷமும் கடன் வாங்கிய வருஷமும் பல இடங்களில் ஒன்றாக இருக்கும். எங்கள் கொல்லை போனதும் அப்படித்தான்.

நம்மையும் நாம் சும்மா விட்டுவிட முடியாது. புதரை மொட்டையடித்ததில் நம் கை இருக்கிறது. 1856ல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓட ஆரம்பித்ததும் எஞ்சினுக்கு விறகு வேண்டியிருந்தது, பட்டணத்து அடுப்புகளுக்கும் வேண்டியிருந்தது. பட்டணத்தைச் சுற்றிய காடெல்லாம் கட்டு கட்டாக அங்கே போனது. தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும். பல்லாவரம், பம்மல் பக்கம் தோல் தொழில் பெருகிய காலத்தில் எங்கள் பெண்கள் ஆவாரையை உரித்துக் கட்டிக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். ஆவாரை மேட்டு மண்ணைப் பிடித்து வைத்திருந்த செடி, வயலில் மிதிக்கும் தழையும் அதுதான். பட்டை உரித்தால் செடி காயும், செடி காய்ந்தால் மண் ஓடும். அன்றைக்குக் கூலி முக்காலணா. பசிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மண்ணைப் பற்றி யோசிக்க முடியாது என்பது உண்மை. வெட்டினோம் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வயிறு காய்ந்து கடல் தாண்டியவர்கள் கதையும் இதோடு சேர்ந்ததுதான். இலங்கை மலையகத்தில் 1830களிலிருந்து மழைக்காட்டை வெட்டிச் சாய்த்துக் காப்பி போட்டார்கள். வெட்டப் போன தமிழர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். 1869ல் காப்பி இலையில் துருநோய் கண்டது. காப்பி அழிந்து தேயிலை வந்தது. செடிகளுக்கிடையே ஒரு புல்லும் இருக்கக்கூடாது என்பது துரைமார் சட்டம். புல் எடுக்க நம் ஜனங்கள் கையில் கொடுத்த கருவியின் பெயர் சுரண்டி. ஆங்கிலத் தேயிலைப் புத்தகங்களில்கூட அந்தத் தமிழ்ப் பெயர் அப்படியே இருக்கிறது. சுரண்டியால் இழுக்க இழுக்கப் புல்லோடு மேல்மண்ணும் பெயர்ந்து, மழையில் மகாவலிக்குப் போனது. மண் அரிப்பை ஆராய 1931ல் அங்கே ஒரு குழுவே அறிக்கை கொடுக்க வேண்டியதாயிற்று. மேடைகளில் 'சுரண்டல்' என்று எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு மரப்பிடி போட்ட ஒரு உருவம் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. 1948ல் அந்த ஜனங்களின் குடியுரிமை பறிபோனது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களுக்கு வேலை தரவென்று 1968ல் நீலகிரியில் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. பிறகு அது தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. அங்கேயும் காட்டு நிலத்தில்தான் தேயிலை, அங்கேயும் அதே கைகள்தான்.

1994 அக்டோபர் 10. காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்துதான் 'பஞ்சமி நிலம்' என்ற சொல் இந்த மாவட்டத்துச் சேரிகளில் மறுபடி உயிர் பெற்றது. என் தலைமுறைக்கு அந்தச் சொல்லே அந்த இரண்டு பேர் கொடுத்தது.

போன வருஷம் மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். ஊர்ப் பேரை எழுதவில்லை, வழக்கு நடக்கிறது. பஞ்சமி நிலம் நாலு ஏக்கர் சொச்சம். வளைத்து வைத்திருந்தவர் வேலியை எடுத்துவிட்டுப் போய்விட்டார். ஜனங்களுக்குச் சந்தோஷம்தான். உள்ளே இறங்கிப் பார்த்தால் பாதி நிலத்தில் ஆள் ஆழத்துக்கு மொரம்பு வெட்டி லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். மண்ணை எடுத்துக்கொண்டு நிலத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். எங்களோடு வந்த சர்வே தெரிந்த தம்பி சங்கிலி பிடித்து அளந்து, பதிவேட்டில் உள்ளபடியே சரியாக இருக்கிறது அண்ணே என்றான். சரியாகத்தான் இருந்தது. நீளம் இருக்கிறது, அகலம் இருக்கிறது. ஆழத்துக்குக் கலம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அந்த ஊர் அக்கா ஒருவர் குழியில் இறங்கி ஒரு பிடி அள்ளிக் கையில் பிசைந்து பார்த்துவிட்டு, "இதுல எருக்கங்கூட வராது தம்பி" என்றார். பிறகு அவரே, வெட்டாத பாதியில் இந்த ஆடிக்குக் கொழிஞ்சியும் தக்கைப்பூண்டும் விதைத்துப் பூவெடுக்கும்போது மடக்கி உழலாம், வரப்போரம் ஆவாரை போடலாம் என்று திட்டம் சொன்னார். நாலைந்து வருஷம் விடாமல் செய்தால் மண் கொஞ்சம் கறுக்கும், மெதுவாகத்தான் என்றார். குழிக்கு ஏரி வண்டல் அடிக்க வேண்டும். ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதிக்கிறது என்று எனக்குத் தெரியும். அவரையே கூட்டிக்கொண்டு போய் மனு கொடுத்தோம். அலுவலகத்தில் சிட்டா, அடங்கல் கேட்டார்கள். அடங்கலில் இன்னும் வேலி எடுத்துப் போனவரின் பெயர்தான் இருக்கிறது. 1892ன் நகலைக் காட்டினேன். இதை வைத்து மண் தர முடியாது சார் என்றார் அந்த எழுத்தர். குரலில் விரோதம் ஒன்றுமில்லை.

ஏரி இப்போது வற்றித்தான் கிடக்கிறது. ஊர்க்கழனிகளுக்கு வண்டல் டிராக்டர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் மண் அள்ளிப் போட நம் பிள்ளைகள் ஆறு பேர் தினமும் போகிறார்கள்.